தாயைக் காட்டாத குட்டிகள்

ராஜபாளையம் நாய்க்குட்டி ஒன்று வேண்டுமென்று நாலு பேரிடம் சொல்லிவைத்தால் போதும், கைபேசிக்குப் படங்கள் வர ஆரம்பித்துவிடும். சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்த குட்டி, சிமெண்டுத் தரையில் தூங்கும் குட்டி, யாரோ ஒருவருடைய உள்ளங்கையில் வயிறு தெரியத் தொங்கும் குட்டி. கூடவே ஒரு வரி இருக்கும்: ஒரிஜினல் ராஜபாளையம், முப்பது நாள், ஆண் இவ்வளவு, பெட்டை இவ்வளவு, ஜோடியாக எடுத்தால் குறைத்துக்கொள்ளலாம், எந்த ஊருக்கும் பஸ்ஸில் ஏற்றிவிடுவோம். இத்தனை படங்களிலும் வராத ஒருத்தி உண்டு. தாய் நாய். அதையும் ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னால் எதிர்முனைக் குரல் மாறிவிடும். "தாய் தோட்டத்துல கெடக்கு சார், இப்ப இங்க இல்ல."

தாய் தோட்டத்தில் இருந்தால் முப்பது நாள் குட்டிக்கு இங்கே என்ன வேலை என்று அடுத்த கேள்வியைக் கேட்பவர்கள் குறைவு. அதற்குள் குட்டியின் முகம் மனதில் ஒட்டிக்கொண்டிருக்கும். வீட்டில் பிள்ளைகள் பெயர் வைத்திருப்பார்கள்.

இந்த முப்பது நாள் விற்பவருடைய கணக்கு. நான்காவது வாரத்தில் குட்டிகளுக்குப் பல் கூர்மையாகிவிடும். தாய் பால் கொடுக்க முடியாமல் எழுந்து நகரும். குட்டிகள் தட்டில் வைத்ததை நக்கத் தொடங்கும். அதுவரை தாய்க்கு வயிறாரப் போட்டால் போதும், எட்டுக் குட்டியானாலும் அது பார்த்துக்கொள்ளும். அதற்குமேல் செலவெல்லாம் வளர்ப்பவர் தலையில் விழும். எட்டு வாய்க்குத் தீனி, பூச்சி மருந்து, தடுப்பூசி, நாள் முழுக்கக் கழுவித் தள்ளும் வேலை. நடுவில் ஒன்றுக்குச் சீக்கு வந்தால் எட்டுக்கும் வரும். போதாததற்கு, குட்டி விலை போவதும் அந்த வயதில்தான். இன்னும் மூன்று வாரம் போனால் கால் நீண்டு, முகம் ஒடுங்கி, கொழுகொழுப்பு போய்விடும். பார்த்தவுடன் கையில் அள்ளத் தோன்றுகிற பருவம் முப்பது நாள்தான்.

2017 மே மாதம் மத்திய அரசு அறிவித்த நாய் வளர்ப்பு மற்றும் விற்பனை விதிகளோ, எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. எட்டு வாரமென்றால் 56 நாள். நடுவில் காணாமல் போகிற 26 நாட்களில் என்ன நடக்கிறதென்று தெரிந்துகொண்டாலே, குட்டியை எங்கே வாங்குவது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

குட்டிகள் ஒன்றையொன்று கடிக்கிற நாட்கள் அவை. கொஞ்சம் அழுத்திக் கடித்தால் கடிபட்ட குட்டி கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். தாயைக் கடித்தால் ஓர் உறுமல், மீறினால் மூக்கின் மேல் ஓர் அழுத்து. தன் தாடைக்கு எவ்வளவு பலம், அதை எங்கே நிறுத்த வேண்டும் என்பதை நாய் கற்றுக்கொள்வது இப்படித்தான். பிற்பாடு நாம் காசு கொடுத்து ஆள் வைத்தாலும் இதை இவ்வளவு சுத்தமாகக் கற்றுக்கொடுக்க முடியாது. சீக்கிரம் பிரிக்கப்பட்ட குட்டிகள் பயந்து நடுங்குவதும், கண்டதற்கெல்லாம் குரைப்பதும், விளையாட்டிலேயே ரத்தம் வரக் கடிப்பதும் கூடுதல் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

உடம்புக்குள் வேறொன்று நடக்கிறது. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி இந்த வாரங்களில்தான் படிப்படியாகக் குறைகிறது. முதல் தடுப்பூசி ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் போடுவார்கள். பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம்வரை திரும்பப் போட வேண்டும். தாய் தந்த காப்பு தேய்ந்து, ஊசியின் காப்பு இன்னும் ஏறாத அந்த இடைவெளியில் நுழைவதுதான் பார்வோ. 1970-களின் பிற்பகுதியில் தலைகாட்டி உலகம் முழுக்கப் பரவிய இந்த வைரஸ், மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். வாந்தியும் ரத்தபேதியுமாகக் குட்டி சில நாட்களில் சுருண்டுவிடும். முப்பது நாள் குட்டியை அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு அடைத்து, ஆம்னி பஸ்ஸின் சாமான் அறையிலோ டிரைவர் சீட்டுக்குப் பின்னாலோ வைத்து, விடியற்காலையில் பெருங்களத்தூரில் இறக்கிக்கொள்கிறோம். மூன்றாம் நாள் அது சாப்பிட மறுக்கிறது. போன் செய்தால், "நாங்க கொடுக்கும்போது நல்லாத்தான சார் இருந்துச்சு" என்பார்கள். அவர்கள் சொல்வது பெரும்பாலும் உண்மையாகக்கூட இருக்கும்.

ராஜபாளையம் குட்டிகள் விஷயத்தில் இந்த 26 நாளுக்கு இன்னொரு பொருள் உண்டு. இந்த இனத்துக்கென்று சொல்லப்படும் லட்சணங்கள் நமக்கெல்லாம் தெரிந்தவை: பால்வெள்ளை உடம்பு, ரோஸ் நிற மூக்கு, பொன்னிறக் கண், வாள்போல் வளைந்த வால். வாங்க வருபவர்கள் மூக்கைத்தான் முதலில் பார்க்கிறார்கள். ஒரு கறுப்புப் புள்ளி இருந்தால் விலை குறைகிறது. காது ஓரத்தில் லேசான பழுப்பு தெரிந்தால் "கலப்பு" என்று ஒதுக்குகிறார்கள். ஆக, வளர்ப்பவர்களும் மூக்கு சிவந்த நாயை மூக்கு சிவந்த நாயோடு சேர்க்கிறார்கள்.

நிறமி தோலுக்கு மட்டும் உரியதன்று. உட்காதிலும் நிறமிச் செல்கள் உண்டு. ஒலியை வாங்கும் நுண்ணிய முடிச்செல்களைச் சுற்றியுள்ள திரவத்தைச் சீராக வைத்திருக்க அவை வேண்டும். வெள்ளை நிறத்தைக் கொடுக்கும் மரபணுவே சில குட்டிகளில் உட்காதையும் நிறமியற்றதாக ஆக்கிவிடும்போது, அந்த முடிச்செல்கள் பிறந்த சில வாரங்களில் செத்துப்போகின்றன. காது நிரந்தரமாகச் செவிடாகிறது. டால்மேஷன் நாய்களில் இதை நிறையப் பரிசோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் சோதிக்கப்பட்டவற்றில் ஏறக்குறைய 30 விழுக்காடு ஒரு காதிலாவது செவிடு. ராஜபாளையத்திலும் செவிட்டுக் குட்டிகள் பிறப்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. தலைமுறைகளாக அங்கே அதைப் பற்றிப் பேசுவார்கள், அல்லது பேசாமல் காரியத்தை முடித்துவிடுவார்கள். கழித்துவிடுவது என்று அதற்குப் பெயர். எப்படிக் கழித்தார்கள் என்று விளக்க வேண்டியதில்லை.

அதாவது, மிகச் சுத்தமான குட்டி என்று எதைத் தேடி வாங்குபவர் கூடுதல் பணம் கொடுக்கிறாரோ, அந்த ரசனையே செவிட்டையும் சேர்த்து வளர்க்கிறது. காவலுக்கென்று வாங்கிய நாய்க்குக் காது கேட்காது. தூங்கும்போது பக்கத்தில் போய்த் தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்கும். கேட் திறந்திருந்தால் லாரி ஹாரன் அதற்குக் கேட்காது.

இதில் காலம் எங்கே வருகிறது என்றால், காது போகிறதா நிற்கிறதா என்பது முடிவாவதே மூன்றாவது நான்காவது வாரத்தில்தான். ஒவ்வொரு காதுக்கும் தனித்தனியாக ஒலியைச் செலுத்தி, தோலுக்கடியில் பொருத்திய மெல்லிய கம்பிகள் வழியாக மூளையின் பதிலைப் பதிவுசெய்யும் பரிசோதனை ஒன்று இருக்கிறது. அதை ஐந்து ஆறு வாரம் ஆன பிறகே நம்பிச் செய்ய முடியும். நம்மூரில் அந்த வசதி எளிதில் கிடைப்பதில்லை. அது இல்லாவிட்டாலும், தூங்கும் குட்டியின் முதுகுப் பக்கம் நின்று சாவிக்கொத்தைக் குலுக்கிப் பார்க்கலாம்; கூடப் பிறந்தவை எழுந்து ஓடும்போது எது மட்டும் தூங்குகிறது என்று பார்க்கலாம். இரண்டு காதும் போன குட்டியை அப்படிக் கண்டுபிடித்துவிடலாம். ஒரு காது மட்டும் போனதைக் கண்டுபிடிக்க முடியாது. அது நன்றாகவே வளரும், பரிசும் வாங்கும், குட்டியும் போடும், குறையை அடுத்த ஈத்துக்குக் கடத்தும். முப்பதாம் நாளில் விற்பவர் இந்தக் கேள்வி எதுவும் எழுவதற்கு முன்பே பணத்தை எண்ணி முடித்துவிடுகிறார்.

எட்டு வாரம்வரை வைத்திருந்து, ஒவ்வொரு குட்டிக்கும் காதைச் சோதித்து, "இதுக்குக் காது கேக்காது, இதைக் காசுக்குக் கொடுக்க மாட்டேன், வச்சு வளர்க்கிறவங்க யாராவது இருந்தா சும்மா கொடுப்பேன்" என்று வெளிப்படையாகச் சொல்பவர்களும் அதே ஊரில் இருக்கிறார்கள். அவர்களைத் தேடித்தான் போக வேண்டும். அவர்கள் நம் கைபேசிக்குத் தாமாக வருவதில்லை.

அப்படி ஒரு பெரியவரை ராஜபாளையத்தில் பார்த்தேன். குட்டி கேட்டு வந்தவர்களை அவர் விசாரித்த விதம் பெண் கேட்டு வந்தவர்களை விசாரிப்பதுபோல் இருந்தது. "வீட்டுல யாரு யாரு இருக்காக? பகல்ல யாரு இருப்பா? சுத்துச்சுவர் எவ்வளவு உசரம்? சொந்த வீடா, வாடகை வீடா?" எல்லாவற்றுக்கும் பதில் வாங்கிக்கொண்டு கடைசியில் ஒன்று கேட்டார். "இதுக்கு முன்னால நாய் வச்சிருந்தீகளா தம்பி? அது எப்படிச் செத்துச்சு?"

வந்தவருக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. காசு கொடுத்து வாங்குகிறவனிடம் இதெல்லாம் எதற்கு என்று முகம் சொல்லிற்று. பெரியவர் கண்டுகொள்ளவில்லை. இருந்த இரண்டு பெட்டைகளையும் கூப்பிட்டுக் காட்டினார். ஒன்று கிட்டே வந்து மோந்தது. மற்றது தள்ளியே நின்று உறுமியது. "இது ஆத்தா குணம். இவளுக்குப் பொறக்குறது அத்தனையும் இப்படித்தான் ஒதுங்கி நிக்கும். பிள்ளைக இருக்கிற வீட்டுக்கு இவ குட்டி வேண்டாம்." குட்டி எப்போது கிடைக்கும் என்று கேட்டதற்கு, "பருவத்துக்கு வரட்டும், சேர்த்தாச் சொல்லி விடுதேன்" என்றார். முன்பணம் நீட்டினார்கள். வாங்கவில்லை.

நாயின் கருக்காலம் ஏறக்குறைய 63 நாள். அதோடு எட்டு வாரம். சேர்த்த நாளிலிருந்து குட்டி கைக்கு வர நான்கு மாதம் ஆகும். தாய் பருவத்துக்கு வரும்வரை காத்திருக்கும் காலம் தனி. எந்த மாதம் போன் செய்தாலும், எந்த இனம் கேட்டாலும் "ஸ்டாக் இருக்கு சார்" என்று சொல்பவர் குட்டி வளர்ப்பவராக இருக்க வழியில்லை. எங்கெங்கோ ஈன்றதை வாங்கி விற்கும் தரகர் அவர். அவரிடம் தாய் இருக்காது. இருந்தாலும் அது காட்டக்கூடிய நிலையில் இருக்காது.

தாயைப் பார்ப்பது இனம் தெரிந்துகொள்வதற்காக மட்டும் இல்லை. அதன் விலா எலும்பு தெரிகிறதா, காம்புகள் எத்தனை ஈத்து கண்டவை, ஆளைக் கண்டால் ஒடுங்குகிறதா, வளர்ப்பவர் கை நீட்டினால் எப்படி வருகிறது என்று ஐந்து நிமிடம் பார்த்தால் ஒரு வியாபாரத்தின் முழு வரலாறும் தெரிந்துவிடும். 2017 விதிகள் 18 மாதத்துக்குக் குறைந்த பெட்டையையும் எட்டு வயதைத் தாண்டியதையும் குட்டி போடவைக்கக் கூடாது என்கின்றன. வருஷத்துக்கு ஓர் ஈத்துக்கு மேல் கூடாது. ஆயுளில் ஐந்துக்கு மேல் கூடாது. வளர்ப்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். விற்கும் முன் குட்டிக்கு மைக்ரோசிப் பொருத்தியிருக்க வேண்டும். நல்ல விதிகள்தான். சென்னை பிராட்வே பக்கத்து ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கூண்டுக்குள் குவிந்துகிடந்த குட்டிகளைப் பார்த்தவர்களுக்கு, இவை எந்த உலகத்துக்காக எழுதப்பட்டன என்று தோன்றியிருக்கும்.

அரசாங்கமே இதைச் செய்து காட்ட முயன்ற கதையும் உண்டு. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை இனங்களைக் காப்பதற்கென்று சைதாப்பேட்டையில் கால்நடை பராமரிப்புத் துறை 1980-களின் தொடக்கத்தில் ஒரு நாய் இனப்பெருக்கப் பிரிவைத் தொடங்கிற்று. அரசு விலைக்குக் குட்டி தந்தார்கள். பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருந்து வாங்கிப்போனார்கள். நாளடைவில் அங்கிருந்த நாய்களின் நிலையைப் பற்றி விலங்கு நல அமைப்புகள் புகார் கிளப்பி, வழக்காகி, மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிடும்வரை போயிற்று. நாட்டு இன ஆர்வலர்களுக்கு அதில் பெரும் வருத்தம். அவர்கள் வருத்தத்தில் நியாயம் இருக்கலாம். ஆனால் அழியும் இனத்தைக் காக்கிறோம் என்பது, அந்த இனத்தின் ஒரு பெட்டையைக் கூண்டிலேயே ஆயுள் முழுக்க ஈனவைப்பதற்குச் சமாதானம் ஆகாது என்றே நினைக்கிறேன்.

நாட்டு இனங்களின் மேல் திடீரென்று பிறந்த பாசத்துக்கும் இந்தச் சந்தையில் பங்குண்டு. 2005 ஜனவரியில் இந்திய நாயினங்களுக்கு அஞ்சல் தலை வெளியிட்டபோது ராஜபாளையமும் அதில் இருந்தது. சேகரிப்பவர்களைத் தவிர யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்தோடு நாட்டு மாடு, நாட்டுக் கோழி, நாட்டு நாய் எல்லாம் ஒரே மூச்சில் பேசப்பட்டன. 2020 ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலிப் பேச்சில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லி, நாய் வளர்க்க நினைப்பவர்கள் இந்திய இனத்தை வளர்க்கலாம் என்றார். கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வளப் பணியகம் ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் கர்நாடகத்து முதோலோடு சேர்த்து அங்கீகரித்துப் பதிவு செய்திருக்கிறது. எல்லாம் மகிழ்ச்சிக்குரியவை. ஆனால் தேவை ஒரே நாளில் ஏறலாம். நல்ல பெட்டை நாய்களின் எண்ணிக்கை ஒரே நாளில் ஏறாது. அந்த இடைவெளியை நிரப்பியவை முப்பது நாள் குட்டிகள்தான். செவலை நிறமும் கறுத்த வாயும் இருந்தால் தெருவில் பிறந்த குட்டியும் கோம்பை என்று விலை போகிறது. அந்த வயதில் இரண்டுக்கும் வித்தியாசம் சொல்ல யாராலும் முடியாது. தெருக்குட்டிக்கு இதில் ஒரு குறையும் இல்லை. ஏமாந்தது வாங்கியவர் மட்டும்தான்.

இந்த இனங்கள் எப்படி உருவாயின என்று யோசித்தால் இன்றைய சிக்கல் இன்னும் துலங்கும். சு. தியடோர் பாஸ்கரன் இந்திய நாய்களைப் பற்றி ஆங்கிலத்திலும் தமிழிலும் விரிவாக எழுதியிருக்கிறார். ஆர்வமுள்ளவர்கள் தேடிப் படிக்கலாம். விருதுநகர், தூத்துக்குடிப் பக்கத்துக் கரிசல் கிராமங்களில் சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் விரட்ட வளர்ந்தவை. இரண்டும் நிறத்தால் பிரிந்த ஒரே வம்சம் என்பார்கள் சிலர். அதைக் கேட்டால் சண்டைக்கு வருவார்கள் வேறு சிலர். கல்யாணமாகிப் போகும் பெண்ணுக்குக் கன்னிக்குட்டி கொடுத்துவிடுவார்கள் என்று ஒரு சொல் உண்டு. எது எப்படியானாலும், அங்கே குட்டி கைமாறிய விதம் இப்போதுள்ள வியாபாரம் மாதிரி இருக்கவில்லை. யார் வீட்டு மயிலைக்கு யார் வீட்டுச் செவலை சேர்ந்து பிறந்தது, அதன் தாய் எந்த மேட்டில் எப்படித் திரும்பி முயலை மறித்தது என்பதெல்லாம் ஊருக்குத் தெரியும். பதிவேடு ஆட்களின் நினைவில் இருந்தது. ஓடாத நாய்க்குக் குட்டி கேட்டு யாரும் வர மாட்டார்கள். பக்கத்து ஊரில் நல்ல ஓட்டக்காரன் ஒருவன் இருந்தால், காது கொஞ்சம் மடிந்திருக்கிறதே என்று பார்க்காமல் சேர்ப்பார்கள். தேர்வு செய்தது வேலை.

அந்தப் பழைய உலகம் கருணை நிறைந்தது என்று நான் சொல்ல வரவில்லை. வேட்டைக்கு ஆகாது என்று பெட்டைக் குட்டிகளைப் பிறந்தவுடன் தொலைத்துவிடுவது அங்கே சாதாரணம். 1972-இன் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை குற்றமாயிற்று, அது சரிதான். ஆனால் வேலை போன இடத்தில் என்ன மிஞ்சியது என்று பாருங்கள். தோற்றம் மட்டும்தான். மூக்கின் நிறம், வயிற்றின் ஒடுக்கம், வாலின் வளைவு. ஓட்டத்தைப் பார்த்துத் தேர்ந்தவர்கள் தம்மையறியாமல் இதயத்தையும் நுரையீரலையும் காதையும் சேர்த்தே தேர்ந்தார்கள். படத்தைப் பார்த்துத் தேர்கிறவர்கள் படத்தில் தெரிவதை மட்டும் தேர்கிறார்கள்.

படத்துக்கு அடுத்தபடி காகிதம். "பேப்பர் இருக்கா?" என்று கேட்பது இப்போது நாய் வாங்குபவர்களிடம் விவரமானவர் என்பதற்கு அடையாளமாகிவிட்டது. 1873-இல் லண்டனில் கென்னல் கிளப் தொடங்கி, நாய்களின் வம்சாவளியை ஏட்டில் ஏற்றத் தொடங்கினார்கள். ஏட்டில் உள்ள தாய் தந்தைக்குப் பிறந்தது மட்டுமே ஏட்டில் ஏறும் என்பது இந்த முறையின் அடிப்படை. நம் கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் தலைமையகம் சென்னையில் இருக்கிறது. அது தரும் சான்றிதழில் குட்டியின் பெற்றோர், அவற்றின் பெற்றோர் என்று பெயர்கள் வரும். காகிதம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று தெரிந்திருக்க வேண்டும். யாருக்குப் பிறந்தது என்று அது சொல்லும். காது கேட்குமா, இடுப்பு எலும்பு சரியா, தாய் கடிக்குமா என்று சொல்லாது. காகிதத்தை ஒழுங்காகப் படிக்கத் தெரிந்தவருக்கு அதில் ஒன்று கிடைக்கும்: ஒரே பெயர் இரண்டு பக்கமும் வருகிறதா என்பது. கூடப் பிறந்த இரண்டைச் சேர்த்தால் பிறக்கும் குட்டியின் மரபணுக்களில் சராசரியாக 25 விழுக்காடு இரு பக்கமும் ஒரே மூலத்தின் பிரதியாக அமையும். ஒரு பெற்றோர் மட்டும் பொதுவானால் 12.5. ஒன்றுவிட்ட சகோதர உறவானால் 6.25. இந்த எண் ஏற ஏற, மறைந்து கிடக்கும் குறைகள் இரட்டையாகச் சேர்ந்து வெளிவரும்.

"ஜோடியாக எடுத்தால் குறைத்துக்கொள்ளலாம்" என்பதன் உள்ளர்த்தம் இப்போது புரியும். ஒரே ஈத்தின் ஆணும் பெட்டையும் ஒரே வீட்டுக்குப் போகின்றன. அடுத்த வருஷம் அங்கே குட்டி. அந்தக் குட்டிகளும் முப்பதாம் நாள் பிளாஸ்டிக் நாற்காலியில் படத்துக்கு உட்காரும். 2022-இல் வந்த '777 சார்லி' படத்தில் கள்ளத்தனமாக நாய் வளர்த்து விற்கும் ஒருவனிடமிருந்து தப்பி வருகிற லாப்ரடாரின் கதையைப் பார்த்து நம் ஊரிலும் தியேட்டரில் அழுதார்கள். அழுதுவிட்டு வந்த கையோடு லாப்ரடார் குட்டி எங்கே கிடைக்கும் என்று விசாரித்தவர்களையும் எனக்குத் தெரியும். ஹட்ச் கைபேசி நிறுவனத்தின் விளம்பரம் ஓடிய காலத்தில் அதில் வந்த பக் இனத்துக்கு ஊரில் "ஹட்ச் நாய்" என்றே பெயர். மூச்சு விடத் திணறும் அந்தச் சப்பை மூக்கு, மதுரை வெயிலில் என்ன பாடுபட்டிருக்கும் என்று நினைத்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

தூய இனம் என்ற சொல்லோடு எனக்கு ஒரு சங்கடம் இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. பிறப்பை வைத்து ரத்தத்தின் சுத்தத்தைப் பேசுவது நம் மண்ணில் மனிதர்களை என்ன செய்திருக்கிறது என்று தெரிந்த யாருக்கும் "ஒரிஜினல்", "கலப்பு" என்று நாயைப் பற்றிப் பேசும்போதும் கொஞ்சம் நாக்கு கூச வேண்டும். அப்படியானால் இனமே வேண்டாமா? அப்படியும் சொல்ல முடியவில்லை. ஓர் இனத்தைக் கேட்டு வாங்குவதில் நியாயமான காரணம் ஒன்று உண்டு. இந்தக் குட்டி எவ்வளவு உயரம் வளரும், எவ்வளவு ஓடவேண்டியிருக்கும், அந்நியரிடம் எப்படி நடந்துகொள்ளும், எந்த வெயிலைத் தாங்கும் என்பதை முன்கூட்டியே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். அந்தத் தெரிவு தலைமுறை தலைமுறையாகக் கவனித்து நினைவில் வைத்திருந்தவர்களின் உழைப்பு. அந்த நினைவு இல்லாத இடத்தில், மூக்கு எவ்வளவு சிவந்திருந்தாலும், கையில் கிடைப்பது ஒரு வெள்ளைக் குட்டிதான். அதன் எதிர்காலம் பற்றி விற்றவருக்கு ஒன்றும் தெரியாது. விற்ற மறுநாள் அதைப் பற்றி அவர் நினைக்கப்போவதும் இல்லை.

நினைவு வைத்திருப்பவரை அடையாளம் காண்பது கடினமில்லை. ஒன்றிரண்டு இனத்துக்கு மேல் அவரிடம் இருக்காது. போன ஈத்துக் குட்டிகள் யார் யார் வீட்டில் வளர்கின்றன என்று சொல்வார். போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்பார். பூச்சி மருந்து கொடுத்த தேதியும் ஊசி போட்ட மருத்துவர் கையெழுத்தும் உள்ள சீட்டு இருக்கும். தம் நாய்களின் குறையை நாம் கேட்காமலே சொல்வார். முக்கியமாக, வளர்க்க முடியாமல் போனால் எந்த வயதிலும் எனக்கே திருப்பிக் கொண்டுவந்து விடு, தெருவில் விடாதே, வேறு யாருக்கும் விற்காதே என்பார். இந்த ஒரு வாக்கைக் கொடுக்க முடியாதவரிடம் மற்றதெல்லாம் இருந்தும் பயனில்லை.

அவர் நம்மையும் திருப்பி அனுப்பலாம். சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் எல்லாம் ஓடப் பிறந்த உடம்புகள். மூன்றாவது மாடியில் இரண்டு படுக்கையறை வீட்டில், காலையில் பத்து நிமிடம் சங்கிலியில் கூட்டிப்போய்விட்டுக் கதவைச் சாத்திப்போனால் அவை சோபாவைக் கிழிக்கும், குரைக்கும், கடைசியில் யாரையாவது கடிக்கும். ஓராண்டு கழித்து "நல்ல வீட்டுக்கு இலவசம்" என்று படம் சுற்றும். இன்று காப்பகங்களில் நாட்டு இன நாய்கள் கட்டிக்கிடப்பதற்கு இதுவே பெரிய காரணம். இனம் முக்கியமில்லை, கூட ஒரு நாய் இருந்தால் போதும் என்பவர்களுக்கு அந்தக் காப்பகங்கள் இருக்கின்றன. சென்னையில் புளூ கிராஸ் போன்ற அமைப்புகளிடம் வளர்ந்த நாய்களும் குட்டிகளும் வீடு தேடிக் காத்திருக்கின்றன. வளர்ந்த நாயிடம் ஒரு வசதி: அதன் குணமும் உயரமும் காதும் நம் கண் முன்னாலேயே தெரிந்துவிடும்.

கடைசியாக, இரக்கமுள்ளவர்களுக்கு ஒரு சொல். சந்தைக் கூண்டில் மூக்கு ஒழுகி, கண் பீளை கட்டிக் கிடக்கும் குட்டியைப் பார்த்தால் "இதையாவது காப்பாற்றிவிடுவோம்" என்று தோன்றும். விற்பவருக்கும் அது தெரியும். அப்படிப்பட்ட குட்டியைத்தான் அவர் முன்னால் வைத்திருப்பார். நீங்கள் கொடுக்கும் பணம் அந்தக் கூண்டில் அடுத்த குட்டியைக் கொண்டுவந்து வைக்கும். தோட்டத்தில் கிடப்பதாகச் சொல்லப்படுகிற தாயை அடுத்த பருவத்தில் மறுபடியும் சினையாக்கும். படம் எடுங்கள், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், மாநில விலங்குகள் நல வாரியத்துக்குப் புகார் எழுதுங்கள். குட்டியை வாங்காமல் வாருங்கள்.